‘அறிக்கை வரவில்லை’: துப்பாக்கி லைசென்ஸ் மனுக்கள் தேங்குவது எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

துப்பாக்கி லைசென்ஸ் கேட்டு மனுக் கொடுத்தவர்கள் ஓராண்டு, இரண்டாண்டு என்று காத்திருப்பது நம் மாவட்டங்களில் வாடிக்கையாகிவிட்டது. ஏன் என்று கேட்டால், “ஆயுத விஷயம், நாலு இடத்தில் விசாரிக்காமல் கொடுத்துவிட முடியுமா?” என்கிறார்கள். விசாரிக்கத்தான் வேண்டும், அதில் யாருக்கும் இரண்டாம் கருத்து இருக்க முடியாது. ஆனால் இப்படித் தேங்கிய கோப்பு ஒன்றைப் பக்கம் பக்கமாகப் புரட்டினால் விசாரணைக்குச் செலவான நாட்கள் சொற்பம் என்று தெரியும். ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்குப் போன கடிதம் திரும்பி வருவதற்காகக் கோப்பு அலமாரியில் கிடந்த நாட்களே மிச்சமெல்லாம்.

சட்டம் எவ்வளவு நாள் கொடுத்திருக்கிறது என்று முதலில் பார்ப்போம். மாநகரங்களில் போலீஸ் கமிஷனரும் மற்ற பகுதிகளில் மாவட்ட ஆட்சியரும் லைசென்ஸ் வழங்கும் அதிகாரிகள். 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம், 13ஆவது பிரிவுப்படி, மனு வந்ததும் அவர் காவல் நிலைய அறிக்கையைக் கேட்க வேண்டும். அந்த அறிக்கைக்கு 2016ஆம் ஆண்டின் படைக்கல விதிகள் தரும் கெடு 30 நாள். அறிக்கை வந்த பிறகு முடிவெடுக்க 60 நாள். ஆக, மூன்று மாதம். கெடுவுக்குள் அறிக்கை வராவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் அதே 13ஆவது பிரிவில் விடை இருக்கிறது: அதிகாரி சரியென்று கருதினால், இனியும் காத்திராமல் உத்தரவு போடலாம். ‘போடலாம்’ என்றுதான் இருக்கிறது, ‘போட வேண்டும்’ என்று இல்லை. அந்த ‘லாம்’ என்ற விகுதியில்தான் ஆண்டுகள் கரைகின்றன.

அந்த அதிகாரத்தை ஏன் யாரும் எடுத்துப் பயன்படுத்துவதில்லை என்பது அலுவலக நடைமுறை அறிந்தவர்களுக்குப் புரியும். அறிக்கை இல்லாமல் கையெழுத்துப் போட்ட லைசென்ஸில் நாளை ஒரு அசம்பாவிதம் நடந்தால், “எதை வைத்துக் கொடுத்தீர்கள்?” என்ற கேள்வி கையெழுத்துப் போட்டவரைத் தேடி வரும். இரண்டு ஆண்டு நிலுவையில் வைத்திருந்ததற்கு அப்படி யாரும் கேட்பதில்லை. தாமதிப்பவருக்கு ஆபத்து இல்லை, முடிவெடுப்பவருக்கு மட்டுமே ஆபத்து என்ற நிலை இருக்கும்வரை எந்த அலுவலரும் ‘நினைவூட்டுக் கடிதம் அனுப்பப்பட்டது’ என்று எழுதிக் கோப்பைக் கட்டி வைக்கவே செய்வார். அவரைத் தனிப்பட்ட முறையில் குறை சொல்வதில் பயனில்லை.

கோப்பு நடக்கும் பாதையைப் பாருங்கள். ஆட்சியர் அலுவலகத் தபால் பிரிவில் மனுவுக்கு ஒரு ந.க. எண், அதாவது கோப்பு எண், விழுகிறது. உதவியாளர் குறிப்பு எழுதி, கண்காணிப்பாளர், நேர்முக உதவியாளர், மாவட்ட வருவாய் அலுவலர் என்று மேலே போய்த் திரும்பி வந்த பிறகுதான் அறிக்கை கேட்கும் கடிதமே புறப்படுகிறது. காவல்துறைப் பக்கம் அது எஸ்.பி. அலுவலகம், டி.எஸ்.பி., இன்ஸ்பெக்டர் என்று இறங்கி நிலையத்துக்கு வந்து, அதே படிகளில் திரும்ப ஏற வேண்டும். இடையில் போலீஸ் உளவு வேலை பார்க்கும் தனிப்பிரிவின் கருத்தும் மாவட்டக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சரிபார்ப்பும் சேரும். வருவாய்த் துறைப் பக்கம் ஆர்.டி.ஓ., தாசில்தார், ஆர்.ஐ., வி.ஏ.ஓ. என்று இன்னொரு ஏணி. சட்டம் பெயர் சொல்லிக் கேட்பது காவல் நிலைய அறிக்கையை மட்டுமே. ‘தேவையென்று கருதும் விசாரணை’ என்ற சொற்களின் கீழ் மற்றவை நடைமுறையில் வந்து சேர்ந்தவை. நிலத்தையும் குடியிருப்பையும் வி.ஏ.ஓ. சரிபார்ப்பது நல்லதுதான். ஆனால் இந்தக் கடிதங்கள் ஒரே நாளில் எல்லாத் திசையிலும் போவதில்லை. போலீஸ் அறிக்கை வந்த பிறகு வருவாய்த் துறைக்கு, அது வந்த பிறகு வனத்துறைக்கு என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன. கடைசி அறிக்கை வரும்போது முதல் அறிக்கை பழையதாகிவிடுகிறது. அதற்குள் ஆட்சியரோ எஸ்.பி.யோ மாறியிருந்தால், ‘புதிதாக அறிக்கை பெறுக’ என்று ஓரத்தில் ஒரு வரி விழும். பரமபதத்தில் பாம்பு கடித்த காய் போலக் கோப்பு கீழே இறங்கிவிடும்.

கிராமக் கணக்குகளை ஆண்டுதோறும் தணிக்கை செய்யும் ஜமாபந்தி நடக்கும் வாரங்களில் வருவாய்த் துறையில் வேறு வேலை நகராது. திருவிழா, கட்சி மாநாடு, முக்கியப் பிரமுகர் வருகை என்றால் நிலையத்தில் ஆள் இருக்காது. துப்பாக்கி லைசென்ஸ் விசாரணை எப்போதும் அந்த நிலையத்தின் கடைசி வேலை.

தேர்தல் இன்னொரு பெரிய இடைவெளி. தேர்தல் அறிவிப்பு வந்த நாள் முதல் நடைமுறை முடியும்வரை புதிய லைசென்ஸ் வழங்கக் கூடாது. 2021 சட்டமன்றத் தேர்தலுக்கு பிப்ரவரி 26இல் அறிவிப்பு. வாக்கு எண்ணிக்கை மே 2. 2024 மக்களவைத் தேர்தலுக்கு மார்ச் 16இல் அறிவிப்பு. எண்ணிக்கை ஜூன் 4. நம் மாநிலத்தில் ஏப்ரல் 19இலேயே வாக்குப்பதிவு முடிந்தும், நாடு முழுவதும் முடியும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கிட்டத்தட்ட 80 நாள். தடை நியாயமானது. ஆனால் தடை லைசென்ஸ் வழங்குவதற்குத்தான், அறிக்கை தயாரிப்பதற்கு இல்லை. அந்த நாட்களில் மனுக்களைத் தொடாமலே வைத்திருப்பதும், தேர்தலுக்காக டெபாசிட் செய்த துப்பாக்கிகளைத் தேர்தல் முடிந்து திருப்பிக் கொடுக்கும் நெரிசலில் இன்னொரு மாதம் போவதும் தவிர்க்கக் கூடியவை.

விவசாயிகள் அதிகம் சிக்குவது வனத்துறைக் கட்டத்தில்தான். காரணமும் பலருக்குத் தெரிவதில்லை என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 34ஆவது பிரிவுப்படி, ஒரு சரணாலயத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் இசைவு இல்லாமல் புதிய லைசென்ஸ் வழங்க முடியாது. சரணாலயம் என்றதும் முதுமலையும் களக்காடும்தான் நினைவுக்கு வரும். பறவைகள் சரணாலயமும் இதில் அடக்கம். வேடந்தாங்கல், கரிக்கிலி, வெள்ளோடு எல்லாம் வயல்களுக்கு நடுவே இருப்பவை. அண்மை ஆண்டுகளில் திருப்பூர் நஞ்சராயன் குளம், விழுப்புரம் கழுவேலி, கரூர், திண்டுக்கல் பகுதியில் கடவூர் தேவாங்குச் சரணாலயம், கிருஷ்ணகிரி, தருமபுரியில் காவிரி தெற்கு, ஈரோட்டில் தந்தை பெரியார் சரணாலயம் என்று புதியவை வந்துள்ளன. இவற்றை வரவேற்கத்தான் வேண்டும். ஆனால் ஒவ்வோர் அறிவிப்போடும் அதைச் சுற்றியுள்ள 10 கிலோமீட்டர் ஊர்கள் இந்த நிபந்தனைக்குள் வருகின்றன என்பதை மனுதாரருக்கு மனுக் கொடுக்கும் நாளில் யாரும் சொல்வதில்லை. ஏற்கெனவே லைசென்ஸ் வைத்திருப்பவர்களும் சரணாலயம் அறிவிக்கப்பட்ட மூன்று மாதத்துக்குள் தனியாகப் பதிவுக்கு மனுச் செய்ய வேண்டும். இதுவும் அறியப்படாமலே போய்ப் புதுப்பிக்கும்போது முளைக்கிறது.

இதனால் நடப்பது என்ன? மாவட்ட வன அலுவலரிடம் போன கடிதம் சர்வே எண் எந்த எல்லைக்குள் வருகிறது என்று பார்க்க ரேஞ்சருக்கு இறங்கி, திரும்ப ஏறிச் சென்னைக்குப் போய் வர வேண்டும். நிலம் ஓர் ஊரில், வீடு ஓர் ஊரில் என்றால் எதை அளப்பது என்பதிலேயே குழப்பம். சாலை வழித் தூரமா, நேர்க்கோட்டுத் தூரமா என்று கேட்டுக் கோப்பு திரும்பி வருவதும் உண்டு. சட்டம் சொல்வது ஆரம் (ரேடியஸ்), ஆகவே நேர்க்கோடுதான். மனுவோடு நிலத்தின் எஃப்.எம்.பி. என்னும் புல அளவு வரைபடமும், வீட்டுக்கும் நிலத்துக்கும் தனித்தனியே ஜி.பி.எஸ். அளவும் இணைத்துக் கொடுத்தால் ஒரு சுற்று மிச்சமாகும்.

பயிர்க்காவல் லைசென்ஸ் கிடைத்துவிட்டால் பன்றியைச் சுடலாம் என்ற எண்ணமும் தவறு. இதைச் சொல்லியாக வேண்டும். காட்டு விலங்கைக் கொல்வதற்கான அனுமதி வேறு சட்டத்தின் வேலை. 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட காட்டுப்பன்றி ஆணைப்படியும் காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுட வேண்டியவர்கள் வனத்துறையினர்தான். சத்தம் எழுப்பி விரட்டுவதும் ஆள் உயிருக்கு ஆபத்து வந்தால் தற்காத்துக்கொள்வதுமே விவசாயிக்கு உள்ள பயன். மனுவில் ‘பன்றியைச் சுட’ என்று எழுதினால் வனத்துறை மறுப்பது உறுதி.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் நீளமுள்ள, குழலுக்குள் வரி இல்லாத துப்பாக்கியைத் தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ கேட்டாலும், குழல் வாய்வழி வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கியை உண்மையான பயிர்க்காவலுக்குக் கேட்டாலும், தகுதிக் குறைவு இல்லையென்றால் லைசென்ஸ் ‘கொடுக்க வேண்டும்’ என்பது 13ஆவது பிரிவின் வாசகம். அங்கே ‘லாம்’ இல்லை. ஆனால் அலுவலகத்தில் ஒரு சிறு விவசாயியின் மருந்துத் துப்பாக்கி மனுவும், நகரத்துத் தொழிலதிபரின் .32 ரிவால்வர் மனுவும் ஒரே கோப்புக் கட்டில், ஒரே கேள்வித்தாளோடு, ஒரே வரிசையில் நிற்கின்றன. இரண்டையும் பிரிக்காமல் தாமதம் குறையாது.

போலீஸ் அறிக்கையின் உள்ளடக்கத்துக்கு வருவோம். ‘மனுதாரர்மீது வழக்கு நிலுவையில் உள்ளது’ என்று ஒரே வரியில் வரும் அறிக்கைகள்தான் அதிகம் சிக்கல் தருகின்றன. எந்தப் பிரிவு, எந்த ஆண்டு, சாலை மறியலா, அடிதடியா என்று இருக்காது. ஆட்சியர் அலுவலகம் விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்பும். இன்னும் மூன்று மாதம். வழக்கு விஷயத்தில் படைக்கலச் சட்டத்தின் 9ஆவது பிரிவு தானாகத் தடுப்பது, வன்முறை அல்லது ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றத்தில் தண்டனை பெற்று, தண்டனைக் காலம் முடிந்து ஐந்து ஆண்டு ஆகாதவர்களையும், அமைதி காக்கவோ நன்னடத்தைக்கோ பிணைப்பத்திரம் எழுதிக் கொடுத்து அந்தக் காலம் முடியாதவர்களையும்தான். நிலுவை வழக்கைப் பொது அமைதியின் பொருட்டுக் கருத்தில் கொள்ளலாம். அதற்கு வழக்கின் விவரம் தேவை. பிரிவு எண்ணும் தற்போதைய நிலையும் எழுதாத அறிக்கையை எஸ்.பி. அலுவலகமே மேலே அனுப்பாமல் நிறுத்தினால் பாதிச் சிக்கல் அங்கேயே தீரும்.

மனுதாரர் தரப்பிலும் குறை உண்டு. ஏ-1 என்னும் விண்ணப்பப் படிவத்தில் ‘தற்காப்புக்காக’ என்று ஒரே சொல்லில் காரணம் எழுதினால், நிலைய அறிக்கையில் ‘உயிருக்கு அச்சுறுத்தல் ஏதுமில்லை’ என்றுதான் வரும். புகார் கொடுத்த சி.எஸ்.ஆர். ரசீது, முதல் தகவல் அறிக்கையின் நகல் இருந்தால் இணைக்க வேண்டும். பயிர்க்காவல் என்றால் சிட்டா, அடங்கலோடு, வனத்துறையிடம் பயிர்ச்சேத இழப்பீடு கேட்ட மனுக்களின் நகல்களும் வேண்டும். மருத்துவச் சான்றில் உடல்நலத்தோடு மனநலமும், போதைப் பழக்கம் இல்லை என்பதும் குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். அந்தக் கடைசி வரி விடுபட்டதால் மட்டுமே திரும்பும் மனுக்கள் உண்டு. துப்பாக்கியைப் பூட்டி வைக்கும் ஏற்பாடு பற்றிய உறுதிமொழி இணைத்த பிறகும், விசாரிக்க வரும் எஸ்.ஐ.யிடம் காட்ட வீட்டில் பெட்டியே இருக்காது. கொடுமை என்னவென்றால், இந்தக் குறைகளை முதல் வாரத்திலேயே சொல்லியிருக்கலாம். எல்லா அறிக்கையும் வந்த பிறகு பதினோராவது மாதத்தில், ‘மருத்துவச் சான்று உரிய படிவத்தில் இல்லை’ என்று கடிதம் வருகிறது.

புதுப்பித்தலும் வாரிசு மாற்றமும் இதே வரிசையில் சிக்கிக் கிடப்பதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. 2019 திருத்தத்தில் லைசென்ஸ் காலம் மூன்று ஆண்டிலிருந்து ஐந்தாக உயர்ந்தது. வேலை குறைந்திருக்க வேண்டும். அதே திருத்தம் ஒருவர் வைத்திருக்கும் துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. மிகுதியை ஒப்படைக்கும் வேலையும், பழைய லைசென்ஸ்களைத் தேசியத் தரவுத்தளத்தில் ஏற்றித் தனி அடையாள எண் வாங்கும் வேலையும் சேர்ந்துகொண்டன. கையால் எழுதிய பழைய புத்தகத்தில் ‘எஸ். முருகன்’, ஆதாரில் ‘முருகன் சுப்பையா’ என்றிருந்தால் கணினி இரண்டு ஆள் என்கிறது. இனிஷியல் வைத்தே வாழும் நம் ஊரில் இது யாருக்கும் நேரக்கூடியது. திருத்த ஓர் உறுதிமொழிப் பத்திரமும் தாசில்தாரின் ‘இருவரும் ஒருவரே’ சான்றும் போதும். அதைக் கேட்பதற்கே மாதங்கள் ஆகின்றன.

வாரிசு மாற்றத்துக்கு 2016 விதிகள் நல்ல வழி வைத்திருக்கின்றன. லைசென்ஸ்தாரர் இறந்த பிறகு மட்டுமல்ல, அவருக்கு 70 வயது ஆனாலோ, துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே சட்டபூர்வ வாரிசு ஒருவருக்கு மாற்றக் கேட்கலாம். உயிரோடு இருக்கும்போதே செய்வதுதான் சுலபம். இறந்த பிறகென்றால் துப்பாக்கியை நிலையத்திலோ அனுமதி பெற்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் ஆட்சேபமில்லாக் கடிதம் எல்லாம் சேர வேண்டும். கோப்பு நடக்கும் அத்தனை நாளும் எண்ணெய் காணாமல் கிடக்கும் குழல் துருப்பிடிக்கும்.

முன்னாள் ராணுவத்தினரின் நிலை இன்னும் வருந்தத்தக்கது. வங்கியிலும் பணம் ஏற்றும் வண்டியிலும் ‘12 போர்’ (bore) வகைத் துப்பாக்கியோடு காவல் நிற்பவர்களில் பலர் அவர்கள்தான். லைசென்ஸ் காலாவதியானால் அன்றே வேலை போகும். பணியில் இருந்தபோது ஜம்மு காஷ்மீரில் லைசென்ஸ் வாங்கியவர்களும் உண்டு. அங்கே 2012 முதல் 2016 வரை வழங்கப்பட்ட சுமார் 2.78 லட்சம் லைசென்ஸ்கள் பற்றி சி.பி.ஐ. விசாரணை வந்த பிறகு, வெளிமாநில லைசென்ஸ் என்றாலே சந்தேகம். சந்தேகம் நியாயம்தான். வழங்கிய மாவட்டத்துக்கு உண்மைத்தன்மை கேட்டு எழுதுகிறார்கள், பதில் வருவதில்லை, மறுபடி எழுதுகிறார்கள். தவறு செய்யாதவரும் செய்தவரும் ஒரே அலமாரியில் காத்திருக்கிறார்கள். புதுப்பிக்கும் மனுவைக் காலாவதிக்கு 60 நாள் முன்பே கொடுப்பதோடு, வழங்கிய அலுவலகத்தின் கடித எண், தேதியுள்ள நகல்களையும் சேர்த்துக் கொடுத்தால் ஓரளவு உதவும். ஆனால் அடிப்படைத் தீர்வு, தரவுத்தளத்தில் இருக்கும் பதிவையே மாவட்டங்கள் தமக்குள் கணினியில் சரிபார்த்துக்கொள்வது. அதற்காகத்தானே அந்தத் தளம்?

மறுக்கப்பட்டவருக்கு வழி இருக்கிறது. 14ஆவது பிரிவுப்படி மறுப்புக்கான காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். கேட்டால் சுருக்கமாகத் தர வேண்டும். 18ஆவது பிரிவில் மேல்முறையீடு செய்யலாம். நிலுவையில் வைக்கப்பட்டவருக்கு இது எதுவும் இல்லை. உத்தரவு இல்லாதபோது எதை எதிர்த்து மேல்முறையீடு செய்வது? திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுத்தால், ‘அறிக்கை பெறப்பட்டவுடன் பரிசீலிக்கப்படும்’ என்ற பதில்தான். எஞ்சுவது உயர் நீதிமன்றம். இத்தனை வாரத்தில் முடிவெடுங்கள் என்று நீதிமன்றம் சொன்னதும், வராத அறிக்கைகள் அதே அலுவலர்களிடமிருந்து வந்து சேர்வதைப் பார்த்தால், இயலாமை காரணமில்லை என்பது தெரியும். வழக்குச் செலவு தாங்காதவர்கள் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். ‘ஏன் தாமதம்’ என்று கேட்காதீர்கள். அதற்கு மழுப்பலான பதில் வரும். என் ந.க. எண் உள்ள கோப்பு எந்தத் தேதியில் எந்த அலுவலரிடம் வந்தது, எந்தத் தேதியில் நகர்ந்தது, அனுப்பிய நினைவூட்டுகளின் நகல் என்று கேளுங்கள்.

அரசு புதிய சட்டம் எதுவும் கொண்டுவர வேண்டியதில்லை. மனு வந்த ஏழு நாளில் ஆவணக் குறை இருந்தால் ஒரே கடிதத்தில் முழுவதையும் சொல்லிவிட வேண்டும். போலீஸ், வருவாய், வனம் மூன்றுக்கும் ஒரே நாளில் கடிதம் போக வேண்டும். 31ஆம் நாள் போலீஸ் அறிக்கை வராவிட்டால் அந்தக் கோப்பு தானாக ஆட்சியர் மேசைக்குப் போக வேண்டும். காத்திருப்பதா, உத்தரவு போடுவதா என்பதை அவர் காரணத்தோடு கோப்பில் எழுத வேண்டும். அப்போது காத்திருப்பதும் ஒருவர் கையெழுத்துக்கு உட்பட்ட முடிவாகிவிடும். கொடுக்க முடியாது என்றால் மறுத்து உத்தரவு போடட்டும், அதையும் ஏற்கலாம். மாதந்தோறும் நிலுவைப் பட்டியலை மாவட்ட இணையதளத்தில் வெளியிடட்டும். யார் வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்று ஊருக்குத் தெரியக் கூடாது என்பதால் அதில் பெயரும் முகவரியும் வேண்டாம். ந.க. எண், மனு வந்த தேதி, இப்போது எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்ற மூன்று விவரம் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தேனி மாவட்டம்.